தாலி அறுந்த பின் சட்டம் என்ன தருகிறது? முதிய தலித் கைம்பெண்களின் மண உரிமை, சொத்துரிமை, மனநலம்

தமிழ்நாட்டில் ஆதரவற்ற கைம்பெண்ணுக்கு அரசு வழங்கும் மாத உதவித்தொகை 1,200 ரூபாய். 2023ஆம் ஆண்டு 1,000 ரூபாயிலிருந்து உயர்த்தப்பட்ட தொகை இது. நாளொன்றுக்கு 40 ரூபாய். இந்திரா காந்தி தேசிய கைம்பெண் ஓய்வூதியத் திட்டத்தில் 40 முதல் 79 வயது வரையுள்ள பெண்ணுக்கு ஒன்றிய அரசு தரும் பங்கு மாதம் 300 ரூபாய் மட்டுமே. பத்தாண்டுகளுக்கும் மேலாக அத்தொகை உயர்த்தப்படவில்லை. இந்த உதவிக்கு ஒரு நிபந்தனையும் உண்டு: அப்பெண் மறுமணம் செய்யாதவராக இருக்க வேண்டும்.

கைம்பெண் என்றால் தனித்தே இருக்க வேண்டியவர் என்ற பழைய விதி, ஓர் அரசு விண்ணப்பத்தின் நிபந்தனையாக இன்றும் உயிரோடு இருப்பதை இதில் காண்கிறோம். முதுமையில் துணையை இழந்த தலித் பெண்ணின் துயரத்தை அவருடைய தனிப்பட்ட விதியாகவோ, குடும்பத்துக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய விவகாரமாகவோ கருதும் வழக்கம் நம் இயக்கங்களிலும் உண்டு. அந்தத் துயரத்துக்குச் சாதியோடும் சொத்தோடும் சட்டத்தோடும் உள்ள தொடர்பை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கைம்மையும் அகமணமும்

1916 மே 9 அன்று, கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மானுடவியல் கருத்தரங்கில் அம்பேத்கர் 'இந்தியாவில் சாதிகள்' என்ற ஆய்வுரையை வாசித்தார். அப்போது அவருக்கு வயது 25. சாதியின் உயிர்நாடி அகமணம் என்பதே அவ்வுரையின் மைய வாதம். ஒரு குழு தனக்குள்ளேயே மணம் முடிக்க வேண்டுமென்றால், மணவயதுள்ள ஆண்களின் எண்ணிக்கையும் பெண்களின் எண்ணிக்கையும் சமமாக இருக்க வேண்டும். கணவன் இறந்தால் மனைவி 'உபரி' ஆகிறாள். அவள் குழுவுக்கு வெளியே மணந்தால் அகமணம் உடைகிறது. குழுவுக்குள் மறுமணம் செய்தால் மணமாகாத இளம்பெண் ஒருத்திக்குரிய ஆணை அவள் எடுத்துக்கொள்கிறாள். இச்சிக்கலைத் தீர்க்கச் சாதிச் சமூகம் இரண்டு வழிகளைக் கண்டது. ஒன்று, அவளைக் கணவனின் சிதையில் எரிப்பது. மற்றொன்று, உயிரோடு வைத்து வாழ்நாள் முழுவதும் கைம்மையைத் திணிப்பது. மனைவியை இழந்த ஆணுக்கோ, இன்னும் மணவயதை எட்டாத சிறுமிகளிலிருந்து ஒரு மனைவி தேடித் தரப்பட்டாள்.

பூவும் பொட்டும் வளையலும் பறிக்கப்படுவதும், மங்கல நிகழ்வுகளில் பின்வரிசைக்குத் தள்ளப்படுவதும் இந்தக் கட்டமைப்பின் நீட்சிகளே. இவற்றை இழப்புத் துயரின் இயல்பான வெளிப்பாடு என்று கொள்ள முடியாது. மனைவியை இழந்த ஆணிடம் எந்த அடையாளமும் பறிக்கப்படுவதில்லை என்பதே இதற்குச் சான்று.

'அறுத்துக் கட்டும்' வழக்கமும் அதன் தேய்வும்

உழைக்கும் சாதிகள் பலவற்றில் கைம்பெண் மறுமணம் வழக்கத்தில் இருந்தது. 'அறுத்துக் கட்டுகிற சாதி' என்ற வசை ஆதிக்கச் சாதியினரிடம் புழங்கியதே அதற்கு ஆதாரம். அவர்கள் இழிவெனச் சுட்டிய வழக்கம், பெண்ணுக்கு இரண்டாம் வாழ்வைத் தந்த வழக்கமாகும்.

இங்கே சட்ட வரலாற்றின் முரண் ஒன்றை மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். 1856ஆம் ஆண்டின் இந்துக் கைம்பெண்கள் மறுமணச் சட்டம் பெரும் சீர்திருத்தமாகப் பாடநூல்களில் இடம்பெறுகிறது. மறுமணம் மறுக்கப்பட்டிருந்த சாதிகளின் பெண்களுக்கு அது ஒரு கதவைத் திறந்தது உண்மையே. ஆனால் அதன் 2ஆம் பிரிவு, மறுமணம் செய்யும் பெண் முதல் கணவன்வழிச் சொத்துரிமையை இழப்பாள் என்றது. மறுமணத்தை ஏற்கெனவே அனுமதித்திருந்த சாதிகளின் பெண்களுக்கும் இப்பிரிவு பொருந்துமா என்ற கேள்வி எழுந்தபோது, அலகாபாத் உயர்நீதிமன்றம் பொருந்தாது என்ற நிலைப்பாட்டை எடுத்தது. சென்னை, பம்பாய் உயர்நீதிமன்றங்கள் அப்பெண்களும் சொத்தை இழப்பர் என்று தீர்ப்பளித்தன. மேல்சாதியின் வழக்கமே இந்துச் சட்டத்தின் அளவுகோலாகக் கொள்ளப்பட்டதன் விளைவு இது. அச்சட்டம் 1983இல் நீக்கப்பட்டது.

பொருளாதாரத்தில் சிறிது ஏற்றம் பெற்ற தலித் குடும்பங்களில் மறுமணம் குறைந்து வருவதையும் நாம் நேர்மையாகப் பேச வேண்டும். மதிப்புக்குரிய குடும்பம் என்று காட்டிக்கொள்ள, யாரிடமிருந்து மதிப்பை எதிர்பார்க்கிறோமோ அவர்களின் வழக்கத்தையே கடன் வாங்குகிறோம். அந்தக் கடனைப் பெண்கள் அடைக்கிறார்கள். பழைய வழக்கத்தையும் மிகைப்படுத்திப் போற்ற வேண்டியதில்லை. மறுமணத்தை ஏற்ற குடும்பங்களிலும் அது பெரும்பாலும் இளம்பெண்ணுக்கு உரியதாகவே இருந்தது. அறுபது வயதுப் பெண்ணுக்குத் துணை தேவைப்படலாம் என்ற எண்ணத்துக்கு அங்கும் இடம் இருக்கவில்லை.

சாவிலேயே தொடங்கும் அவமதிப்பு

இறந்தவரை மதிப்போடு வழியனுப்ப முடிந்தவருக்கே துயரிலிருந்து மீள்வது ஓரளவேனும் எளிதாகிறது. தலித் பெண்ணுக்கு அந்த முதற்படியே பல ஊர்களில் மறுக்கப்படுகிறது. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடியை அடுத்த நாராயணபுரத்தில், பாதை மறுக்கப்பட்டதால் ஒரு தலித்தின் உடல் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி ஆற்றுப்படுகைக்கு இறக்கப்பட்ட காட்சியை நாடே பார்த்தது. சென்னை உயர்நீதிமன்றம் அதைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. சுடுகாடு, இடுகாடு ஆகியவற்றைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(za)(A) பிரிவின்கீழ் குற்றமாகும். கணவனைப் புதைக்கவே போராட வேண்டியிருக்கும் பெண்ணுக்கு அழுவதற்கான நேரம்கூடக் கிடைப்பதில்லை.

சாவின் காரணங்களும் சாதியோடு பிணைந்தவை. கழிவுநீர்த் தொட்டி மரணங்கள் மிக அதிகமாகப் பதிவான மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. இறந்தவர்களில் பலர் கூலித் தொழிலாளர்களான தலித்துகள். இத்தகைய மரணங்களில் மனைவிக்கு எஞ்சுவது துயரம் மட்டுமன்று. 'குடித்துச் செத்தவன் மனைவி', 'சாக்கடையில் இறங்கியவன் மனைவி' என்ற ஏளனமும் வாழ்நாள் முழுவதும் உடன் வருகிறது.

இழப்பீட்டு உரிமைகளைத் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். கழிவுநீர் மரணங்களுக்கான இழப்பீட்டை 2014இல் 10 லட்சம் ரூபாயாக வரையறுத்த உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் பல்ராம் சிங் வழக்கில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. சாதியக் கொலையில் கணவனை இழந்த பெண்ணுக்கு, வன்கொடுமைத் தடுப்பு விதிகளின் இணைப்பு 1இன்படி நிவாரணத் தொகையோடு மாதம் 5,000 ரூபாய் அடிப்படை ஓய்வூதியமும் அதற்குரிய அகவிலைப்படியும் உண்டு. குடும்பத்தில் ஒருவருக்கு வேலை, நிலம், வீடு, பிள்ளைகளின் கல்விச் செலவு ஆகியவையும் அவ்விணைப்பில் உள்ளன. முதல் தவணை நிவாரணத்தோடு கோப்பு மூடப்படுவதும், ஓய்வூதியம் தொடங்கப்படாமலே ஆண்டுகள் கழிவதும் களத்தில் உள்ளவர்கள் அறிந்ததே. விதி 17இன்படி ஆட்சியர் தலைமையிலான மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை கூட வேண்டும். நிலுவையிலுள்ள கைம்பெண் ஓய்வூதியங்களின் பட்டியலை அக்கூட்டத்தில் எழுத்துமூலம் வைப்பது நம் கடமை.

சொத்து: உரிமை உண்டு, பட்டா இல்லை

1937ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இந்துக் கைம்பெண்ணுக்குக் கிடைத்தது வாழ்நாள் அனுபவ உரிமை மட்டுமே. முழு உரிமை வேண்டும் என்ற கோரிக்கையை இந்து சட்ட மசோதாவில் வைத்துப் போராடியவர் அம்பேத்கர். அம்மசோதா கைவிடப்பட்டதே 1951 செப்டம்பரில் அவர் அமைச்சர் பதவியை விட்டு விலகியதற்கான முதன்மைக் காரணங்களுள் ஒன்று. பின்னர் வந்த 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், 14ஆம் பிரிவின்வழி பெண்ணை முழு உரிமையாளராக்கியது. உயில் எழுதாமல் இறந்தவரின் தனிச் சொத்தில் மனைவி, மகன், மகள், தாய் ஆகியோர் முதல் வகுப்பு வாரிசுகளாகச் சம பங்கு பெறுகின்றனர். அப்பங்கு மறுமணத்தால் பறிபோகாது என்பதை 2008இல் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. கிறித்தவ தலித் குடும்பங்களுக்கு இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925 பொருந்தும். அதன்படி பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு.

ஆனால் உரிமை கொண்டாட நிலம் இருக்க வேண்டும். பஞ்சமி நிலங்கள் கைமாறிய வரலாற்றைக் கொண்ட மக்களுக்குப் பெரும்பாலும் மிஞ்சியிருப்பது வீடும் அதன் மனையும்தான். அந்த மனைக்கும் கணவர் அல்லது மாமனாரின் பெயரில் பட்டா இருக்கும், அல்லது பட்டாவே இராது. கணவர் இறந்த சில மாதங்களில் வட்டாட்சியரின் வாரிசுச் சான்று பெறப்படுகிறது. அடுத்து, மகன் பெயருக்கு விடுதலைப் பத்திரமோ செட்டில்மெண்ட் பத்திரமோ எழுதப்படுகிறது. என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே தாய் கைரேகை வைக்கிறார். அன்றுமுதல் தம் வீட்டிலேயே அவர் விருந்தாளி ஆகிறார். முதுமையின் பாதுகாப்பின்மை உணர்வு பல பெண்களுக்குத் தொடங்குவது சார்பதிவாளர் அலுவலகத்தில்தான்.

இங்கே பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007 உதவும். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதித் தரப்பட்ட சொத்தை, பராமரிப்பு மறுக்கப்பட்டால் மீட்க அதன் 23ஆம் பிரிவு வழிசெய்கிறது. நிபந்தனை இருந்ததை நிறுவ வேண்டும் என்று 2022இல் கூறிய உச்ச நீதிமன்றம், 2025 ஜனவரியில் ஊர்மிளா தீட்சித் வழக்கில் இச்சட்டத்துக்கு மூத்தோரின் நலன் நோக்கிய தாராளமான பொருள் தர வேண்டும் என்றது. ஆகவே, எழுதிக் கொடுத்தே ஆக வேண்டிய சூழலிலும் 'என் வாழ்நாள் முழுவதும் என்னைப் பராமரிக்க வேண்டும், இவ்வீட்டில் நான் குடியிருப்பேன்' என்ற வரிகள் பத்திரத்தில் இடம்பெறுவதை உறுதிசெய்யுங்கள். அந்த இரண்டு வரிகள் பின்னாளில் ஒரு வழக்கின் முடிவையே மாற்றும்.

புகுந்த வீட்டிலிருந்து வெளியேற்றப்படும் பெண்ணுக்குக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 2005 பாதுகாப்பு அளிக்கிறது. கணவன் இறந்த பின்னும் பகிர்ந்து வாழும் இல்லத்தில் குடியிருக்கும் உரிமை பெண்ணுக்கு உண்டு என 2022 மே மாதம் பிரபா தியாகி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. மகனின் வன்முறைக்கு எதிராகத் தாயும் இச்சட்டத்தை நாடலாம்.

பராமரிப்பு யார் பொறுப்பு?

2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், தமிழ்நாட்டில் வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை வழங்க ஆணையிடலாம். தாய் அல்லது தந்தை என்ற முறையில் விண்ணப்பிக்க 60 வயது நிறைந்திருக்கவேண்டிய கட்டாயமில்லை. பிள்ளையற்ற மூத்த குடிமகன், தம் சொத்தை அடையவிருக்கும் உறவினரிடம் கோரலாம்.

ஆயினும் இச்சட்டத்தின் எல்லையை நாம் மறக்கக் கூடாது. திருப்பூரில் நாட்கூலிக்குத் தைக்கும் மகனிடமிருந்து, துப்புரவுப் பணியில் ஒப்பந்த ஊதியம் பெறும் மகளிடமிருந்து தீர்ப்பாயம் எதைப் பெற்றுத் தரும்? கைவிட்ட பிள்ளைகள் என்ற சொல் வசதி படைத்த குடும்பங்களுக்குப் பொருந்தலாம். நம் குடியிருப்புகளில் தாயைக் கைவிடும் பிள்ளைகளைவிட, தாங்க வழியற்ற பிள்ளைகளே அதிகம். அரசமைப்புச் சட்டத்தின் 41ஆவது உறுப்பு, முதுமையில் பொது உதவி வழங்குவதை அரசின் கடமையாக வகுக்கிறது. குடும்பத்தின் தலையில் அப்பொறுப்பை ஏற்றிவிட்டு அரசு விலகிக்கொள்வதை நாம் ஏற்கலாகாது. 1,200 ரூபாய் போதாது என்ற கோரிக்கை மனநலத்துக்கான கோரிக்கையும் ஆகும். மருமகளிடம் மாத்திரைக்குக் கை நீட்ட வேண்டியிராத முதியவரின் உறக்கம் வேறு.

மனச்சோர்வுக்கும் சாதி உண்டு

2017–18இல் 45 வயதைக் கடந்த 72,000க்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்ட இந்திய முதுமைத் தொடராய்வு, 60 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ 8 விழுக்காட்டினரிடம் கடும் மனச்சோர்வின் அறிகுறிகளைக் கண்டது. துணையை இழந்தோரிடமும் தனித்து வாழ்வோரிடமும் அது கூடுதலாக இருந்தது.

இந்த எண்ணுக்குள் நம் மக்கள் எவ்வாறு தென்படுகிறார்கள்? முதியவர்கள் 'மனம் சரியில்லை' என்று சொல்வது அரிது. நெஞ்சு படபடக்கிறது, கை கால் குடைகிறது, இரவில் தூக்கம் வரவில்லை, சோறு இறங்கவில்லை என்பார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதற்குச் சத்து மாத்திரையும் வலி மாத்திரையும் கிடைக்கும். கணவர் எப்போது இறந்தார், வீட்டில் யார் பேசுகிறார்கள் என்ற கேள்வி கேட்கப்படுவதில்லை.

தனிமைக்கும் ஒரு நிலவியல் உண்டு. ஊர்ப்பகுதியில் முதியவர்கள் கூடிப் பேசும் கோயில் மண்டபமும் அரசமரத் திண்ணையும் சேரியின் கிழவிக்கு உரியவை அல்ல. தம் குடியிருப்பின் திருமண வீடுகளிலோ, கைம்பெண் என்பதால் அவர் முன்வரிசையில் நிற்பதில்லை. ஊர் சாதியால் விலக்குகிறது, சொந்தத் தெரு கைம்மையால் விலக்குகிறது. வயல்வேலையும் நூறு நாள் வேலைத் தளமும் கூலியோடு பேச்சுத்துணையையும் தந்தன. உடல் தளர்ந்து வேலை நிற்கும் நாளில் இரண்டும் சேர்ந்தே நிற்கின்றன.

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017இன் 18ஆம் பிரிவு, அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் மனநலச் சேவையை நாடும் உரிமையை ஒவ்வொருவருக்கும் அளிக்கிறது. சாதி, பாலினம், வர்க்கம் ஆகியவற்றின் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்றும் அப்பிரிவு வெளிப்படையாகக் கூறுகிறது. 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் சேவை கட்டணமின்றி இயங்குகிறது. மூத்த குடிமக்களுக்கான உதவி எண் 14567. நீரிழிவு, இரத்த அழுத்தத்துக்கான மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு செல்லும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 முதல் நடைமுறையில் உள்ளது. அதே வீட்டு வாசலில் மனச்சோர்வுக்கான எளிய கேள்விகளும் கேட்கப்பட வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை.

முதுமையில் மறுமணம்

மணத்துக்குக் குறைந்தபட்ச வயதைச் சட்டம் வகுத்துள்ளது. உச்ச வயது எதையும் அது வகுக்கவில்லை. 65 வயதுப் பெண்ணும் 70 வயது ஆணும் மணந்துகொள்ளப் பிள்ளைகளின் ஒப்புதல் தேவையில்லை. 1967ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருத்தத்தால் இந்து திருமணச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 7-அ பிரிவின்படி, புரோகிதரும் சடங்கும் இன்றி, உறவினர் அல்லது நண்பர்கள் முன்னிலையில் மாலை மாற்றியோ மோதிரம் அணிவித்தோ மணம் முடிக்கலாம். அதற்கு ஊரறிய அறிவிப்பது கட்டாயமில்லை என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாற்றுச் சாதித் துணையை ஏற்கும் முதியவர்களுக்கு அச்சுறுத்தல் வந்தால், 2018இல் சக்தி வாஹினி வழக்கில் வகுக்கப்பட்ட பாதுகாப்பு நெறிமுறைகள் அவர்களுக்கும் பொருந்தும்.

தடையாக நிற்பது அரசின் கணக்கும் குடும்பத்தின் 'மான'மும். மறுமணம் செய்தால் கைம்பெண் உதவித்தொகை நிற்கிறது. தர்மாம்பாள் அம்மையார் பெயரிலான மறுமண உதவித் திட்டம், மணமகன் 40 வயதுக்கு உட்பட்டவராக இருக்க வேண்டும் என்கிறது. மறுமணம் என்றால் இளையோருக்குரியது என்ற பார்வையே இதில் வெளிப்படுகிறது. 60 வயதைக் கடந்தவர்கள் முதியோர் உதவித்தொகையை நாடலாம். அதற்கு அடிப்படை வயதும் வறுமையும்தான், கைம்மை அன்று. உதவித்தொகை எதையும் மணநிலையிலிருந்து பிரித்து, வறுமையை மட்டுமே அளவுகோலாக்க வேண்டும் என்பது நம் கோரிக்கையாக வேண்டும்.

எல்லோருக்கும் மறுமணம் தேவையென்று இதற்குப் பொருளில்லை. குடிகாரக் கணவனின் அடியிலிருந்து விடுபட்டு, கைம்மையில்தான் முதன்முறையாக நிம்மதியாக உறங்கும் பெண்களும் நம்மிடையே உண்டு. அவர்களிடம் போலித் துயரத்தை எதிர்பார்ப்பதும் வன்முறையே. தனித்து வாழ்வதும் துணையோடு வாழ்வதும் அப்பெண்ணின் முடிவாக இருக்க வேண்டும். அம்முடிவுக்குப் பட்டினி விலையாகக் கூடாது.

செய்ய வேண்டியவை

கைம்பெண் என்பதால் கோயிலுக்குள் நுழையத் தடுக்கப்பட்ட ஈரோடு மாவட்டப் பெண் ஒருவரின் வழக்கில், பெண்ணுக்குத் தனக்கென ஓர் அடையாளம் உண்டு, அது அவளது மணநிலையைச் சார்ந்ததன்று என்று 2023 ஆகஸ்டில் சென்னை உயர்நீதிமன்றம் கூறியது. 2022 மே மாதம் மகாராட்டிர மாநிலம் கோலாப்பூர் மாவட்டத்தின் ஹேர்வாட் கிராமசபை, தாலியறுப்பு, வளையல் உடைப்பு உள்ளிட்ட சடங்குகளுக்குத் தடை விதித்துத் தீர்மானம் இயற்றியது. சில நாட்களில் அம்மாநில அரசு ஏனைய ஊராட்சிகளும் அதைப் பின்பற்றுமாறு சுற்றறிக்கை விடுத்தது. நம் ஊர்க் கிராமசபைகளிலும் இத்தீர்மானத்தைக் கொண்டுவர இயலும். முதலில் நம் குடியிருப்புகளின் கருமாதிப் பந்தல்களில் அச்சடங்கை நிறுத்துவோம்.

கல்லூரி மாணவர்கள் விடுமுறையில் ஊர் திரும்பும்போது ஒரு கணக்கெடுப்பை மேற்கொள்ளலாம். தெருவில் துணையை இழந்த முதியவர்கள் எத்தனை பேர், யாருக்கு உதவித்தொகை வருகிறது, யாருடைய மனு நிராகரிக்கப்பட்டது, வீடு யார் பெயரில் உள்ளது, இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் உள்ளனவா, இறுதியாக எப்போது மருத்துவரைப் பார்த்தார்கள் என்று எழுதுங்கள். யாரிடம் மனம்விட்டுப் பேசுகிறீர்கள் என்பதையும் கேளுங்கள். பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறும் உரிமையை 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் அளிக்கிறது. அதற்கான எண் 15100. அந்தப் பட்டியலோடு வட்டச் சட்டப் பணிகள் குழுவை அணுகுங்கள். வட்டாட்சியருக்கு அளிக்கும் ஒவ்வொரு மனுவுக்கும் ஒப்புதல் சீட்டு வாங்குங்கள். மனு நிராகரிக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அந்த எழுத்துதான் மேல்முறையீட்டின் முதல் ஆவணம்.